ஒரு வாய்த் தண்ணீர்

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று கேட்டுவிட்டு லிபியா செருப்பு வாரைக் கழற்றக் குனிந்துகொள்வாள். அந்தச் செருப்புக்கு இருப்பது ஒரே ஒரு வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட நிற்கிற வாக்கிலேயே உதறிவிட்டுப் போய்விடும். லிபியாவுக்கு மட்டும் ஒரு நிமிடமாவது பிடிக்கும். வாசலில் குனிந்தபடியே அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் கேட்டதும் யார் எழுந்தார்கள், எழுந்தவர் யாருடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார், டம்ளரைக் கழுவும் சத்தம் வருகிறதா, குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தமா அடியைச் சுரண்டும் சத்தமா, கொண்டுவரும் கை நடுங்குகிறதா. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அவள் நிமிரும்போது அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்திருக்கும்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநல மையத்தில் அவள் சமூகப் பணியாளர். பதினேழு வருடச் சர்வீஸ். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் பெங்களூரிலிருந்து வருவார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த ஆள் எந்த வீட்டில், யாரோடு, எந்த லட்சணத்தில் இருக்கிறார் என்று போய்ப் பார்த்துவருவது லிபியாவின் வேலை. “தண்ணி ரிப்போர்ட் என்ன சொல்லுது லிபியா?” என்பார் மருத்துவர். கேலிதான். ஆனாலும் அதைக் கேட்காமல் அவர் ஒரு மாத்திரையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

குடியை விட்டு எட்டு மாதமாகிவிட்டது என்று ஊரே மெச்சிய ரத்தினவேலின் வீட்டில் ஒருநாள் தண்ணீர் கேட்டாள். அவன் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மனைவியை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்துபோய், டம்ளரைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான். லிபியா ஒரு வாய் குடித்துவிட்டு, “எப்ப மறுபடி ஆரம்பிச்சீங்க?” என்றாள். ரத்தினவேல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மையத்தில் மருத்துவர் இதைப் பற்றிக் கேட்டபோது, “விட்டவன் சாதாரணமா ஒத்தக் கையில கொண்டாந்து வெப்பான் சார். ஆரம்பிச்சவன்தான் ரெண்டு கையால கொண்டாருவான்” என்றாள்.

மையத்துக்கு இப்போது சொந்தமாக வேன் இருக்கிறது. இரண்டு பக்கமும் ‘மனநலம்’ என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். லிபியா அதில் ஏறவே மாட்டாள். “அந்த வேனு ஒரு வீட்டு முன்னாடி அஞ்சு நிமிசம் நின்னா போதும், அந்த வீட்டுப் பொண்ணுக்கு அஞ்சு வருசம் மாப்ள வரமாட்டான்” என்பது அவள் கட்சி. ஆகவே அவளுக்குப் பேருந்துதான். பேருந்து போகாத இடத்துக்கு ஷேர் ஆட்டோ. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எப்போதும் முதுகு காட்டித்தான் தொங்கும். லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரிகள் துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே வந்து, “யாரு மேடம் நீங்க?” என்று கேட்பார்கள். “தெரிஞ்சவங்க” என்பாள். தெலுங்கில் கேட்டால் “தெலிசினவாள்ளு.” கன்னடத்தில் கேட்டால் “பரிசயதவரு.” மூன்று பாஷையிலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

பாஷை விஷயத்தில் அவளுக்கு ஒரு வினோத நம்பிக்கை உண்டு. ஓசூர்ப் பக்கத்து நாய்களுக்குத் தெலுங்கு மட்டும்தான் புரியும் என்பாள். உத்தனப்பள்ளியில் முனிலட்சுமி என்கிற நோயாளியின் வீட்டு நாய் தபால்காரரைக்கூட விட்டுவைத்ததில்லை. லிபியா வேலிப்படலைத் திறந்து “கூச்சோ ரா” என்றதும் அது உட்கார்ந்துவிட்டது. அவளுடைய அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து எண்பதுகளில் கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்தவர். வீட்டில் அந்த ஊர்த் தமிழ், தெருவில் தெலுங்கு, காய்கறிச் சந்தையில் கன்னடம் என்று வளர்ந்ததில், யாரிடம் பேசுகிறாளோ அவர்கள் பேச்சு அவள் வாயில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கென்று தனியாக இருப்பது ஒரே வாக்கியம்தான். எதிரே இருப்பவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், “அவசரமில்ல, பஸ்ஸு வர நேரமிருக்கு” என்பாள். அன்றைக்கு ஆட்டோவில் வந்திருந்தாலும் அதேதான் சொல்வாள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்று மென்று முழுங்குகிறவர்களுக்கு ஒரு பேருந்து தாமதமாக வருவதைப் போன்ற உபகாரம் வேறு கிடையாது.

போன வீட்டில் எதையும் எழுதமாட்டாள். எதிரே ஒருவர் பேனாவைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டுபோய், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரியில் எழுதுவாள். யார் வீட்டில் யாருக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், யாருக்கு நைட் ஷிப்ட் என்பதும் அதில் இருக்கும். கணவன் இல்லாத நேரத்தில் பேசவேண்டிய மனைவிகள் இருக்கிறார்கள், மாமியார் கோயிலுக்குப் போகும் நேரத்தில் பேசவேண்டிய மருமகள்கள் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் எந்த முக்கில் எத்தனை மணிக்கு ஆளை இறக்கும் என்பது டிரைவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனை வீட்டில் தண்ணீர் வாங்குகிறவள் குடிப்பதென்னவோ ஒரே ஒரு வாய். நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிவரை அவள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. பேருந்து நிலையத்துக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வேலைக்காகப் போன வீட்டில் “பாத்ரூம் எங்க?” என்று கேட்பதற்கு அவளுக்கு வாய் வராது. பதினேழு வருடம் இப்படியே போனதில் போன வருடம் சிறுநீரகத்தில் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவள் கணவன் வெஸ்லின் அன்றிலிருந்து ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலை நிரப்பி அவள் பையில் வைக்கிறான். சாயங்காலம் அது முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்பும். அவள் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். “ஊருக்கெல்லாம் வேளாவேளைக்கு மாத்திரை போடு மாத்திரை போடுன்னு சொல்ற. ஊருக்குத்தான் உபதேசம், இல்ல?” என்பான் வெஸ்லின். செடி மட்டும் மதிலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அவளுடைய தண்ணீர்க் கணக்கு ஒருமுறை தப்பியது. அந்தத் தப்புதான் பதினோரு மாதமாக அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

போன வருடம் ஆடியில், சிப்காட்டுக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டுக்கு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். அது மோகன்குமாரின் வீடு. வாகன உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். அவன் மனைவி ரஞ்சிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் முறை. ரஞ்சிதாவுக்குத் தாய் இல்லை. உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிற அப்பா மட்டும்தான். அதனால் மோகன்குமாரின் அம்மா ராசாத்தி காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொண்டுவந்தது ராசாத்திதான். உள்ளே ரஞ்சிதா தலையில் துணி கட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. தூளியில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் திரும்பவில்லை.

“பச்ச ஒடம்பு மேடம். நாந்தான் எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லிக்கிறேன்” என்றாள் ராசாத்தி. “தண்ணிகூட அளந்துதான் குடுக்கறது. இல்லன்னா வயிறு பெருத்துக்கும்.”

வேறெந்த வீடாக இருந்தாலும் குழந்தை அழுதும் திரும்பாத ஒரு பெண்ணை லிபியா விட்டிருக்கமாட்டாள். இங்கே எழாமல் இருப்பதுதான் முறை. பத்தியக்காரி படுத்துத்தான் இருப்பாள், பெரியவள்தான் எழுவாள். அதனால் அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகவே அவள் கண்ணுக்குப் பட்டது. “அதெல்லாம் பழைய பேச்சும்மா, நல்லா தண்ணி குடுங்க, அப்பத்தான் பால் சுரக்கும்” என்று புத்திமதி சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தாள். தண்ணீரைப் பார்த்தவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வெஸ்லின் சொல்லிப் பார்த்தான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஐந்து நாள் கழித்து அந்த நம்பருக்கு ராசாத்தி போன் செய்தாள். ரஞ்சிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் போய், இது தன் குழந்தை இல்லை, யாரோ மாற்றிவைத்துவிட்டார்கள் என்று ஒரு பெஞ்சில் கிடத்திவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே பூக்கட்டி விற்கும் ஜோதியம்மாள் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எழுந்தால் தேடி வருகிறவர்கள் கண்ணில் படாமல் போய்விடும் என்று இரண்டு மணி நேரம் இடத்தைவிட்டு அசையாமல் இருந்திருக்கிறாள். மோகன்குமார் குழந்தையை அங்கே கண்டுபிடித்தான். ரஞ்சிதாவைக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். அவள் எட்டு நாளாகத் தூங்கியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற நோய் அது. வேகமாக வரும், சரியான வைத்தியம் பார்த்தால் முழுசாகப் போயும்விடும். ரஞ்சிதாவுக்கு நான்கு மாதத்தில் தெளிந்துவிட்டது. வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறாள், தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறாள். மருத்துவர் ஏப்ரலிலேயே குழந்தையை அவளிடம் விடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் குழந்தை சாதனா இருப்பது காவேரிப்பட்டினத்தில், ராசாத்தியின் இடுப்பில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதா போய்ப் பார்த்துவரலாம். “பாக்கலாம், தூக்கக் கூடாது” என்பது ராசாத்தி போட்ட சட்டம். பத்து மாதமாக ரஞ்சிதா அந்தச் சட்டத்தை மீறவில்லை. எதிரே உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி ஓசூர் திரும்பிவிடுவாள்.

அடுத்த மாதம் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு ரஞ்சிதா வரக்கூடாது என்று ராசாத்தி மகனுக்குச் சொல்லியனுப்பினாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். அதோடு விடவில்லை. அவளை அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிடு, குழந்தையை நானே வளர்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தாள். மோகன்குமார் இதை மையத்து வாசலில் நின்று லிபியாவிடம் சொன்னபோது, “அம்மா சொல்றதும் ஒரு வகையில…” என்று பாதியில் நிறுத்தினான். அந்தப் பாதி வாக்கியத்துக்குத்தான் லிபியா பயந்தாள். புதன்கிழமை மூவருமாகக் காவேரிப்பட்டினம் போவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடித்த கையோடு, குளித்த ஈரத் தலையோடு மோகன்குமார் வந்து பஸ் ஏறினான். சூளகிரி தாண்டுமுன் தூங்கிப்போனான். ரஞ்சிதா ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே அவளே தைத்த ஒரு பாவாடைச் சட்டை.

“அளவு தெரியலக்கா” என்றாள் லிபியாவிடம். “பாத்துதான் தெச்சேன். கண்ணளவு.”

லிபியா அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். கையகலச் சட்டை. பெற்ற பிள்ளையின் அளவை எட்ட இருந்து கண்ணால் எடுத்துத் தைத்திருக்கிறாள். லிபியா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ராசாத்தியின் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். மாம்பழ சீசன் முடியும் சமயம். தெருவெல்லாம் மாங்கூழ் ஃபேக்டரியின் புளித்த வாசனை. ராசாத்தியும் வருடா வருடம் சீசனுக்கு அந்த ஃபேக்டரிக்குப் போகிறவள்தான். இந்த வருடம் குழந்தையை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்டாள். கதவைத் திறந்தபோது சாதனா அவள் இடுப்பில் இருந்தாள். ராசாத்தி “வாங்க” என்று சொல்லவில்லை. பாய் விரித்தாள், தண்ணீர் கொடுக்கவில்லை. வந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காத வீடு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. லிபியாவும் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மோகன்குமார் சுவரோரம் சாய்ந்தான். ரஞ்சிதா வழக்கம்போல நாலடி தள்ளி உட்கார்ந்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. மாதம் ஒருமுறை வந்து எதிரே உட்கார்கிற ஆள் என்கிற அளவுக்கு அதற்கு அடையாளம் தெரிந்திருந்தது.

“நீங்க எதுக்கு வந்துக்கிறீங்கன்னு தெரியும் மேடம்” என்றாள் ராசாத்தி. “டாக்டரு சொல்ட்டாரு, நல்லாயிட்டான்னு. செரி. நீங்க ஒரு பேப்பருல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இனிமே இவளுக்கு அந்த மாதிரி வரவே வராதுன்னு. எம்பேத்திய இப்பவே குடுத்தனுப்பறேன்.”

“அப்படி யாராலயும் எழுதித் தர முடியாதும்மா.”

“பாத்தீங்களா? உங்களுக்கே தெரியல. அப்பறம் நான் எப்படி மேடம் குடுப்பேன்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பஸ் ஏறிப் போய்டுவீங்க. எங்கூட்டுப் புள்ள போனது போனதுதான?”

ரஞ்சிதா தலையைக் குனிந்துகொண்டாள். “நான் என்ன வேணும்னா செஞ்சேன் அத்த?” என்றாள் மெதுவாக.

“வேணும்னு செஞ்சன்னு நான் சொன்னனா? வேணும்னு செஞ்சிருந்தா திட்டிட்டுப் போய்டுவேன். உனக்கே தெரியாம செஞ்ச பாரு, அதான் எனக்கு பயமாக்குது.”

அந்தப் பேச்சில் பொய் இல்லை. லிபியா இதற்கென்று பதில்கள் தயாராக வைத்திருந்தாள். நோய் எப்படி வருகிறது, மாத்திரை எப்படி வேலை செய்கிறது, நூற்றில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள். அவற்றில் எதுவும் இப்போது வாயில் வரவில்லை. பத்தொன்பதாவது நாளைப் பற்றி ரஞ்சிதாவின் கோப்பில் முதல் வரியாகவே எழுதிவைத்திருக்கிறாள். ‘இந்த வீட்டுக்கு முன்பே போயிருக்கிறேன். பார்த்தும் கவனிக்கவில்லை.’ மருத்துவர் அதைப் படித்திருக்கிறார். இந்த வீட்டாரிடம் மட்டும் அவள் சொன்னதில்லை.

“அம்மா, பத்தொம்பதாம் நாள் நான் உங்க வீட்டு வாசல்ல வந்து தண்ணி கேட்டேன், ஞாபகமிருக்கா?”

“இருக்குது. நாந்தான குடுத்தேன்.”

“ரஞ்சிதா கண்ணத் தொறந்து செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தா. கொழந்த அழுதுச்சு. அவ திரும்பல. நான் அதப் பாத்தேன். இதப் பாக்குறதுதாம்மா என் வேலையே. அன்னைக்கு நான் உள்ள வந்து, ஏம்மா, நீ தூங்கி எத்தன நாளாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, கொழந்த பெஞ்சுக்குப் போயிருக்காது. உங்களுக்குப் புத்திமதி சொல்லிட்டுக் கெளம்பிப் போய்ட்டேன். அவ தப்புன்னு சொல்லாதீங்க. அது என் தப்பு.”

ரஞ்சிதா நிமிர்ந்து லிபியாவைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் லிபியா பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாத்தி குழந்தையின் தலையைத் தடவியபடியே பேசினாள். பேசியது யாரிடம் என்று தெரியவில்லை.

“நீங்க வாசல்ல ரெண்டு நிமிசம் நின்னீங்க. நான் அந்த ஊட்டுலயே இருந்தேன். ஒரே ரூம்பு. இவ பக்கத்துலயே படுத்துக்கினு கொறட்ட உட்டுத் தூங்கினேன். ஒருத்தி எட்டு நாளாக் கண்ண மூடலன்னு எனக்குத் தெரியல. மருமவள நல்லாப் பாத்துக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்.”

லிபியா இப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருந்தது.

“அம்மா” என்றாள். “நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?”

ராசாத்தி தரையைப் பார்த்தாள்.

“அவசரமில்ல. பஸ்ஸு வர நேரமிருக்கு.”

“எங்க தூங்கறது?” என்றாள் ராசாத்தி. “கண்ண மூடுனா பெஞ்சு. அந்த பெஞ்சும் அதுமேல புள்ளயும். ராத்திரியெல்லாம் எந்திரிச்சி எந்திரிச்சி தொட்டுப் பாக்கறேன். பத்து மாசமாச்சு. அன்னிக்குத் தூங்கினதுக்கு இப்ப முழிச்சிக்கினு கெடக்கறேன்.”

“அத்த” என்றாள் ரஞ்சிதா.

லிபியா தான் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னாள். குழந்தையை ரஞ்சிதாவிடம் கொடுத்துவிட்டு ராசாத்தி ஒதுங்கவேண்டியதில்லை. குழந்தையோடு அவளும் ஓசூருக்கு வரட்டும், ஒரு மாதம் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கட்டும். ஒரு ராத்திரி இவள் விழித்தால் மறு ராத்திரி அவள். “அந்த வீட்டுல ரெண்டு ராத்திரி சேந்தாப்ல யாரு தூங்கலன்னாலும் எனக்கு போன் பண்ணணும். ரஞ்சிதாவா இருந்தாலும் சரி, நீங்களா இருந்தாலும் சரி. காதுகுத்து அப்பறம். மொதல்ல நீங்க தூங்கணும்.” ராசாத்தி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த மோகன்குமாரின் திசையிலிருந்து மெல்லிய குறட்டை வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காதவனை யார் என்ன சொல்வது. ராசாத்தி மகனைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று.

அப்போதுதான் லிபியாவுக்கு நாக்கு வறண்டிருப்பது தெரிந்தது. வந்து ஒரு மணி நேரமாகிவிட்டது.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றாள்.

ரஞ்சிதா சட்டென்று எழப்போய், மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ராசாத்தி எழுந்தாள். பத்து மாதப் பழக்கத்தில் கை தானாகக் குழந்தையை இடுப்பில் ஏற்றியது. அடுப்படிக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் அது அங்கேதான் இருக்கும். உள்ளறை நிலைவரை போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

“புடி” என்று சொல்லிக் குழந்தையை ரஞ்சிதாவின் மடியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

ரஞ்சிதாவின் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு குழந்தையைச் சுற்றி வளைத்தன. சாதனா புது ஆளின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. உள்ளே டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவும் சத்தமும் கேட்டது. லிபியா கழற்ற வாரில்லாத வெறுங்காலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ராசாத்தி ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கக் கை நீளுமுன், லிபியா சொம்பை அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். மெதுவாகக் குடித்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி குடித்தாள். ராசாத்தி சொம்புக்காகக் காத்து நின்றாள். மெயின் ரோட்டில் ஓசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்று, ஆளேற்றிக்கொண்டு, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தாலும் இரண்டு மணி நேரப் பயணம், வழியில் ஒதுங்க ஓர் இடமில்லை. லிபியா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெறும் சொம்பை ராசாத்தியிடம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் குடுங்கம்மா. பஸ்ஸு வர நேரமிருக்கு.”